தூக்குமேடைப் படங்களை நம்புமுன்: பழைய பிரிட்டிஷ் குற்ற அச்சுப்படங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

லண்டனின் விசாரணை, சிறை, தூக்குக் காட்சிகளைச் செப்புத்தகட்டிலோ மரக்கட்டையிலோ செதுக்கி அச்சடித்த படங்கள் இன்று இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன. எடுத்துக் கட்டுரையில் போடுகிறவர்கள் பலரும் அவற்றைச் செய்திப் புகைப்படம் போல நம்பிவிடுகிறார்கள். எல்லாத் தவறுக்கும் வேர் இதுதான். இவை முதலில் விற்பனைச் சரக்கு. சாட்சியம் என்பதெல்லாம் அப்புறம்.

ஆங்கில ஓவியரும் செதுக்குப்படக் கலைஞருமான வில்லியம் ஹோகார்த் 1747-இல் வெளியிட்ட, லண்டனின் பொதுத் தூக்கிடமான டைபர்னைக் காட்டும் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கற்பனைப் பாத்திரமான சோம்பேறித் தொழிற்பயிற்சியாளன் டாம் ஐடில் வண்டியில் உயிரோடுதான் வருகிறான், கூடவே சவப்பெட்டி. தூக்குமரத்தின் மேல் ஒருவன் ஹாயாகப் புகைபிடித்துக்கொண்டிருக்கிறான். படத்தின் முன்பக்கம், இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் தாள் ஒன்றைக் கூவி விற்கிறாள். அது டாம் ஐடிலின் ‘மரணப் பேச்சு’! ஆள் இன்னும் சாகவில்லை, அதற்குள் கடைசி வார்த்தைகள் அச்சாகி விலைக்கு வந்துவிட்டன. இந்த வியாபாரத்தை ஹோகார்த்தே கிண்டல் செய்கிறார். நாம்தான் அந்தத் தாள்களை வாக்குமூலம் என்று மேற்கோள் காட்டுகிறோம்.

மலிவுத் தாள்களில் இருக்கும் முகத்தையும் குற்றவாளியின் முகம் என்று எழுதக் கூடாது. ஒரே மரக்கட்டையை வேறு வேறு ஆட்களுக்குத் திரும்பத் திரும்ப அச்சடித்தார்கள். விதிவிலக்கும் உண்டு. மூன்று கொலைகளுக்காக 1733-இல் தூக்கிலிடப்பட்ட சாரா மால்கமை ஹோகார்த் நியூகேட் சிறைக்கே போய், நேரில் பார்த்து வரைந்தார். அந்த முகத்தை ஓரளவு நம்பலாம்.

தேதியில் சறுக்குகிறவர்களும் நிறைய. 1735-ஆம் ஆண்டுச் சட்டம் படம் செதுக்கியவருக்கு 14 ஆண்டு பதிப்புரிமை கொடுத்தது. அதற்காகத்தான் படத்தின் அடியில் பெயரும் தேதியும் பொறித்தார்கள். அது படம் வெளியான நாள், குற்றம் நடந்த நாள் அல்ல. அதே தகட்டைப் பல ஆண்டு கழித்து மறுபடி அச்சடித்தாலும் பழைய தேதி அப்படியே நிற்கும்.

காரண காரியத்தைத் தலைகீழாக்குவது இன்னொன்று. ஹோகார்த்தின் ‘கொடுமையின் நான்கு கட்டங்கள்’ வரிசையின் கடைசிப் படத்தில், கொலைக்காகத் தூக்கிலிடப்பட்டு, கழுத்துக் கயிறு கூடக் கழற்றப்படாத கற்பனைப் பாத்திரம் டாம் நீரோவின் உடலை மருத்துவர்கள் அறுக்கிறார்கள். கீழே விழுந்த இதயத்தை நாய் கடிக்கிறது. கொலையாளியின் உடலை அறுக்கச் சொன்ன சட்டத்தின் விளைவு இது என்று எழுதுகிறார்கள். படம் வந்தது 1751 பிப்ரவரியில். சட்டம் நடைமுறைக்கு வந்ததோ 1752-இல். டைபர்ன் பிணங்கள் அதற்கு முன்பே அறுவை மேசைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தன.

மேசையைச் சுற்றிப் பெரிய மனிதர்கள் உட்கார்ந்திருந்தாலே நீதிமன்றம் என்று முடிவு கட்டாதீர்கள். 1711 மார்ச் 8 அன்று கிஸ்கார் என்ற பிரெஞ்சுக்காரர், தம்மை விசாரித்துக்கொண்டிருந்த பிரிட்டிஷ் அமைச்சர் ராபர்ட் ஹார்லியைப் பேனாக்கத்தியால் குத்தினார். இதைக் காட்டும் படங்களில் இருப்பது அரசரவைக் குழுவின் விசாரணை, நீதிமன்றம் அல்ல. அங்கே ஜூரியும் இல்லை, கூண்டும் இல்லை.

கடைசியாக ஒன்று. தகட்டில் செதுக்கியது தாளில் இடவலம் மாறித்தான் விழும். சிலர் முன்கூட்டியே திருப்பி வரைவார்கள், சிலர் எழுத்தை மட்டும் திருப்பிவிட்டு மற்றதை அப்படியே விட்டுவிடுவார்கள். கத்தி இடது கையில் இருக்கிறது என்பதற்காகக் கொலையாளியை இடக்கையர் ஆக்கிவிடாதீர்கள்.