பயிற்சிக்குப் பின் மதிப்பெண் குறைந்தது ஏன்?

கூட்டத்தில் எழுந்து பேச நாங்கள் நடத்திய பயிற்சிக்கு நிதி கொடுத்தவர்களுக்கு அறிக்கை எழுத உட்கார்ந்தபோது திக்கென்றது. "கூட்டத்தில் தைரியமாகப் பேசுவேன்" என்பதற்கு முதல் நாள் தங்களுக்குத் தாங்களே ஐந்துக்கு 4 போட்ட பிள்ளைகள், பயிற்சி முடிந்ததும் 3 போட்டிருந்தார்கள். பேசுவது எவ்வளவு கடினம் என்று இப்போதுதான் அவர்களுக்குப் புரிந்திருக்கிறது, அளவுகோலே மாறிவிட்டது. அடுத்த அணியிடம் கடைசி நாளிலேயே இரண்டையும் கேட்டோம்: முதல் நாள் எப்படி இருந்தீர்கள், இன்று எப்படி?

அதுவும் ஞாபகத்தை நம்புவதுதான். அதனால் கிராம சபைக்குப் போய் உட்கார்ந்தோம். தமிழ்நாட்டில் அது ஆண்டுக்கு 6 முறை கூடுகிறது. யார் எழுந்து பேசினார், யார் மனு கொடுத்தார், அடுத்த கூட்டத்தில் அதைத் திரும்பக் கேட்டாரா என்று நோட்டில் குறித்தோம். வருகைப் பதிவேட்டைவிட எனக்கு அந்த மூன்றாவது கேள்விதான் பெரிது. தெருக்குழாய்க்கு மனு கொடுத்த ஒரு பெண் மூன்று கூட்டம் விடாமல் கேட்டாள். அறிக்கையின் முதல் பக்கத்தில் அதைத்தான் எழுதினேன்.