கையில் ஒரு கோடி இருந்தால் இணையத் தொடர் எடுப்பது எப்படி: ஒரு கணக்குக் கொப்பிக்காரியின் குறிப்பு

என் மேசை இலாச்சியில் இரண்டு சீ.ஆர். கொப்பிகள் இருக்கின்றன. ஒன்றுக்குப் பச்சை உறை, மற்றதற்குச் சிவப்பு. பச்சையில் ஒரு கோடி ரூபாவின் கணக்கு; சிவப்பில் பதினொரு இலட்சத்தின் கணக்கு. இரண்டும் மட்டக்களப்பில் எடுத்த இணையத் தொடர்கள்தான், இரண்டுக்கும் கணக்கு எழுதியவள் நான்தான். கோடித் தொடர் நான்காம் பாகத்தோடு நின்றுபோனது. பதினொரு இலட்சத் தொடர் பதினெட்டுப் பாகம் ஓடியது. அதில் நடித்த மாமியை ஆரையம்பதிச் சந்தையில் மறித்து, அடுத்த பாகம் எப்போது வரும் என்று இன்றைக்கும் கேட்கிறார்கள்.

போன மாதம் பச்சைக் கொப்பித் தயாரிப்பாளர் கனடாவிலிருந்து மறுபடியும் அழைத்தார். கையில் இன்னொரு கோடி சேர்ந்திருக்கிறதாம். "தங்கச்சி, பெரிய காசு போட்டவன் எவனாவது இணையத்தில் தப்பியிருக்கிறானா? மறைக்காமல் சொல்லுங்கள்" என்றார். அவருக்குத் தொலைபேசியில் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். இப்படி யோசிக்கிறவர்கள் ஊரைவிட்டுப் போனவர்களில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

தப்பியவர்கள் உண்டு. நெட்ஃபிளிக்ஸ் 2013 பெப்ரவரி 1ஆம் திகதி 'ஹவுஸ் ஒஃப் கார்ட்ஸ்' தொடரின் பதின்மூன்று பாகங்களையும் ஒரே நாளில் வெளியிட்டது. ஏறக்குறைய 10 கோடி டொலர் போட்டார்கள் என்று அப்போது பத்திரிகைகள் எழுதின. எல்லோரும் அந்தத் தொகையைப் பார்த்துத்தான் வாயைப் பிளந்தார்கள். என் கண் போனது வேறு எண்ணில்: இருபத்தாறு. மாதிரிக்கு ஒரு பாகம் எடுத்துப் பார்ப்போம் என்று சொல்லாமல், இரண்டு பருவங்களுக்கான இருபத்தாறு பாகங்களுக்கும் முதலிலேயே ஒப்புக்கொண்டார்கள். அந்தக் காசு நீளத்தை வாங்கியது.

தப்பாதவர்களும் உண்டு. டிஸ்னி ஸ்டூடியோவை நடத்தி, பிறகு ட்ரீம்வேர்க்ஸைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜெஃப்ரி கட்சன்பெர்க், ஈபேயின் தலைவராக இருந்த மெக் விட்மனோடு சேர்ந்து 'குவிபி' என்ற இணையத் தொடர்ச் சேவை ஒன்றைத் தொடங்கினார். 175 கோடி டொலர் திரட்டினார்கள். பாகம் ஒன்று பத்து நிமிடத்துக்குள். கைப்பேசியில் மட்டும் பார்க்க வேண்டும். 2020 ஏப்ரல் 6ஆம் திகதி திறந்தார்கள், டிசம்பர் 1ஆம் திகதி மூடினார்கள். உலகமே வீட்டுக்குள் அடைந்து தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்த மாதங்களில், தொடங்கியபோது அதைத் தொலைக்காட்சியில் போட்டுப் பார்க்க வழியில்லை. பிடித்த காட்சியைப் படமெடுத்துத் தோழிக்கு அனுப்பவும் வழியில்லை. பெயர் பெற்ற முகங்கள் எத்தனையோ இருந்தன. நாளைக்கும் இவளைப் பார்க்க வேண்டும் என்று ஏங்க வைத்த முகம் ஒன்றுகூட இருக்கவில்லை என்பதுதான் என் எண்ணம்.

எதிர்ப்பக்கத்தில் அமெரிக்க நடிகை ஃபெலிசியா டே. 2007இல் 'த கில்ட்' என்ற சிறு தொடரைச் சொந்தக் காசில் தொடங்கினார். காசு தீர்ந்ததும் பார்த்தவர்களே இணையத்தில் நன்கொடை அனுப்பி முதல் பருவத்தை முடிக்க வைத்தார்கள். மைக்ரோசொஃப்ட் அதற்குப் பிறகுதான் வந்தது. 2013 வரை ஆறு பருவங்கள் போயின. அங்கே பார்வையாளர் முன்னே போனார்கள், பெரிய காசு பின்னே வந்தது.

ஆகவே அண்ணனுக்கு என் பதில்: பெரிய காசுக்காரரும் வெல்லலாம், சிறிய காசுக்காரரைப் போல மெதுவாகச் செலவழித்தால்.

கோடியைப் பிரிப்பது

கதை எழுத முன்னரே இதைச் செய்யுங்கள். முப்பது இலட்சத்தை வங்கியில் நிலையான வைப்பில் போட்டுவிட்டு அதை மறந்துவிடுங்கள். மீதி எழுபது இலட்சம். இருபது பாகம் என்று வைத்தால் பாகம் ஒன்றுக்கு மூன்றரை இலட்சம் வரும். எழுத்தாளர் கொண்டுவரும் கதை அந்த மூன்றரைக்குள் அடங்காவிட்டால் கதையைச் சுருக்குங்கள். பாகத்தின் எண்ணிக்கையில் கை வைக்காதீர்கள். பச்சைக் கொப்பியில் நாங்கள் செய்தது நேர்மாறு. பத்துப் பாகம் என்று தொடங்கினோம். முதல் பாகம் மட்டும் இருபத்தெட்டு இலட்சத்தைத் தின்றது. "முதல் பாகம் பிடித்துவிட்டால் மற்றது தானாக ஓடும்" என்றார்கள். ஓடவில்லை. எடுத்த எடுப்பில் கடற்கரையும் ட்ரோனும் பார்த்த சனம், நான்காம் பாகத்தில் இரண்டு பேர் ஒரு அறைக்குள் இருந்து கதைப்பதைப் பார்த்ததும், காசு முடிந்துவிட்டதா என்று கருத்துப் பகுதியிலேயே கேட்டுவிட்டார்கள். உண்மையும் அதுதான்.

சட்டம் கொடுத்த பிறகே கமரா

எங்கள் ஊரில் கூத்துப் போடுகிறவர்கள் களரி என்கிற ஆடும் மேடைக்கு வர எவ்வளவு காலம் எடுப்பார்கள் என்று பார்த்திருப்பீர்கள். முதலில் சட்டம் கொடுத்தல். யார் அருச்சுனன், யார் கிருஷ்ணர் என்று கூத்தைப் பழக்குகிற அண்ணாவியார் குரலையும் உடல்வாகையும் பார்த்துப் பாத்திரத்தைக் கையில் கொடுப்பார். பிறகு மாதக்கணக்கில் இரவிரவாகப் பழக்கம். பிறகு சதங்கை அணிதல், முழு ஒத்திகையான அடுக்குப் பார்த்தல், அதற்குப் பிறகே அரங்கேற்றம். வடமோடிக் கூத்தோ தென்மோடிக் கூத்தோ, இந்த ஒழுங்கில் ஒன்றைத் தாண்டிக் குதித்த ஊரை நான் கண்டதில்லை. ஆனால் கமரா வந்துவிட்டால் மட்டும், காலையில் வசனத்தைக் கொடுத்து மாலையில் எடுத்துவிடலாம் என்று நினைக்கிறோம்.

சிவப்புக் கொப்பியின் முதல் ஆறு பக்கங்களில் படப்பிடிப்பே இல்லை. புதனும் சனியும் மாலை ஐந்து மணிக்கு ஒரு வீட்டு முற்றத்தில் ஒத்திகை, ஆறு கிழமை. செலவு: பிளேன்டீ, பணிஸ், ஓட்டோக் கூலி. எல்லாம் சேர்த்து முப்பத்தெட்டாயிரம். பலன் என்னவென்றால், பதினெட்டுப் பாகத்துக்கும் எல்லாமாகப் பதினாறு படப்பிடிப்பு நாள்தான் பிடித்தது. ஒரு நாள் படப்பிடிப்பு எவ்வளவு குடிக்கும் என்று தெரிந்தவர்களுக்கு அந்த முப்பத்தெட்டாயிரத்தின் அருமை தெரியும்.

முற்றத்தில்தான் மாமியையும் கண்டுபிடித்தோம். அவர் நடிக்க வரவில்லை, இடியப்பம் கொண்டுவந்தார். ஒத்திகையைப் பார்த்துக்கொண்டு நின்றவர், "இப்படியா ஒரு தாய் மகனை ஏசுவாள்?" என்று கேட்டு, தானே ஏசிக் காட்டினார். வரிக்கு வரி, 'பிறகு' என்பதற்கு எங்கள் ஊர் சொல்லும் 'மறுகா' ஒன்று விழுந்தது. இயக்குநர் அந்த இடத்திலேயே சட்டம் கொடுத்துவிட்டார். பச்சைத் தொடரில் அதே மாதிரித் தாயாக நடித்தவர் வெளியூர்க்காரர். திறமைசாலி, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவர் 'மறுகா' என்று சொல்லும்போது அந்தச் சொல் செருப்பில் ஏறிய கல்லைப் போல இருந்தது.

காற்றுக்கு முதலில் காசு

பச்சைக் கொப்பி, ஆடி மாதம், மூன்றாம் நாள், கல்லடிக் கடற்கரை. பக்கத்தை அப்படியே தருகிறேன். ட்ரோன் 35,000. ஜெனரேட்டர் 18,000, டீசல் தனி. சாப்பாட்டுப் பார்சல் 47, ஒன்று 450 வீதம் 21,150. நடிகர்களுக்குப் பாசிக்குடாவில் அறை, அந்தத் தொகையை எழுதினால் அண்ணன் கோபிப்பார். காலை பத்து மணிக்குக் கச்சான் பிடித்தது. கரையிலிருந்து கடலை நோக்கி மணலை வாரிக்கொண்டு போகிற அந்தச் சூட்டுக்காற்று, மைக்குக்குள் தகரத்தைக் கிழிப்பதுபோலக் கேட்டது. மைக்குக்குப் போடும் மயிர் உறை எங்கே என்று கேட்டேன். கொழும்பில் மறந்து வைத்துவிட்டார்களாம். சில ஆயிரம் ரூபாச் சாமான். அன்று எடுத்த வசனம் ஒன்றுகூடத் தேறவில்லை. பிறகு கொழும்பு ஒலிக்கூடத்தில் மூன்று நாள் குரல் பதிவு, வான் கூலி, தங்குமிடம். கண்ணாடி அறைக்குள் குளிரில் இருந்து பேசிய குரலுக்கும் வெயிலில் வியர்க்கிற முகத்துக்கும் ஒட்டவே இல்லை.

கைப்பேசியில் பார்க்கிறவர்கள் மங்கலான படத்தைப் பொறுப்பார்கள். கேட்காத வசனத்தைப் பொறுக்க மாட்டார்கள். ஒலிப்பதிவாளருக்கு ஒளிப்பதிவாளரின் கூலியைக் கொடுங்கள். கச்சான் காலத்தில் வெளிக்காட்சிகளை விடியற்காலைக்குத் தள்ளுங்கள். மாசியும் பங்குனியும் எங்கள் பக்கம் எடுப்பதற்கு நல்ல மாதங்கள். கார்த்திகை, மார்கழியில் வடகீழ்ப் பருவ மழை, வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரைப் பாதைகளை மூடினாலும் மூடும். மண்முனைப் பாலம் 2014இல் திறந்த பிறகு அக்கரை கிட்டிவிட்டதுதான். ஆனாலும் காலைக் காட்சியை வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையிலும் மாலைக் காட்சியைப் படுவான்கரையிலும் ஒரே நாளில் வைக்கிற எழுத்தாளரை ஒருநாள் வானில் ஏற்றி, சாமான்களோடு அலைய விடுங்கள்.

ஆடி அமாவாசையை அண்டி, திருவிழா நடக்கிற மாமாங்கக் கோயில் பக்கம் போகாதீர்கள். கூட்டம் மட்டும் காரணமில்லை. ஒலிபெருக்கியில் போகிற சினிமாப் பாட்டு உங்கள் வசனத்துக்குப் பின்னால் பதிந்தால், யூடியூப் அதைக் கண்டுபிடித்து அந்தப் பாகத்தின் விளம்பரக் காசைப் பாட்டின் உரிமையாளருக்குத் திருப்பிவிடக்கூடும்.

காசு திரும்புமா

விளம்பரக் காசில் ஒரு கோடியும் திரும்பும் என்று இறங்காதீர்கள். யூடியூபில் கணக்கு இப்படிப் போகும்: முழு விளம்பர வருமானத்துக்கு ஆயிரம் சந்தாதாரர் வேண்டும், பன்னிரண்டு மாதத்துக்குள் நாலாயிரம் மணி நேரம் பார்த்திருக்க வேண்டும். விளம்பர வரவில் 55 வீதம் உங்களுக்கு. பாகம் எட்டு நிமிடத்தைத் தொட்டால் நடுவிலும் விளம்பரம் போடலாம். ஆகவே ஏழரை நிமிடத்தில் முடிக்கிற வீம்பு வேண்டாம். பத்து டொலர் சேர்ந்ததும் முகவரியை உறுதிப்படுத்த ஓர் இலக்கம் தபாலில் வரும், நூறு டொலர் தாண்டினால்தான் காசு. இலங்கையில் பார்ப்பவரைவிடக் கனடாவில் பார்ப்பவருக்கு விளம்பர விலை அதிகம். அதனால் நாங்கள் ஞாயிறு மாலை ஆறு மணிக்கு ஏற்றினோம். இங்கே தேநீர் நேரம் முடிந்திருக்கும், லண்டனில் மதியச் சாப்பாடு, ரொறன்ரோவில் விடிந்து கோப்பி குடிக்கிற நேரம்.

உண்மையான காசு கடைக்காரர்களிடம் இருக்கிறது. ஆறாம் பாகத்துக்குப் பிறகு காத்தான்குடிச் சேலைக்கடை ஒன்று தானாக வந்து ஒன்றரை இலட்சம் தந்தது. மாமி கட்டுகிற சேலை தங்கள் கடையில் வாங்கியதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. மாமி மூன்று தரம் கடைக்குப் போய், மூன்று தரமும் விலையைக் குறைக்கச் சொல்லிச் சண்டை பிடித்துவிட்டு வந்தார். இலவசம் என்று சொல்லியும் கேட்கவில்லை.

வங்கியில் மறந்த முப்பது இலட்சத்தை நான்காம் பாகம் வெளியான பிறகு நினைவுக்குக் கொண்டுவாருங்கள். அதை எதில் போடுவது என்று முடிவெடுக்க, எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதை விட்டுவிட்டு, யூடியூப் காட்டுகிற கணக்கில் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்று பாருங்கள். எந்த நிமிடத்தில் விட்டுப் போனார்கள் என்ற கோட்டையும் பாருங்கள். எங்கள் கோடு மாமி வரும் இடங்களில் விழாமல் நின்றது. அதைப் பார்த்துத்தான் எட்டாம் பாகத்திலிருந்து கதையை அவர் வீட்டுக்கு மாற்றினோம்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அண்ணன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "ட்ரோன் ஒன்றுகூட வேண்டாமா?" என்றார். ஐந்தாம் பாகத்துக்குப் பிறகு ஒரே ஒரு நாள், சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதியை முதலில் எடுத்துக்கொண்டு, என்றேன்.

நேற்று புதுக் கொப்பி ஒன்று வாங்கி நீல உறை போட்டேன். முதல் வரி எழுதியாயிற்று: மைக் உறை, இரண்டு.