மாருதி யாருடையது? ஒரு கார் நிறுவனத்தின் உரிமையாளரைக் கண்டறியும் முறை

என் பெரியப்பா 1980களில் முன்பணம் கட்டிக் காத்திருந்து மாருதி 800 வாங்கியவர். அந்த நிறுவனத்தை இன்றும் அவர் "கவர்மென்ட் கம்பெனி" என்றே குறிப்பிடுகிறார். அவர் கார் வாங்கிய காலத்தில் அது சரிதான். 1981இல் இந்திய அரசு தொடங்கிய மாருதி உத்யோகில் (இன்றைய மாருதி சுசுகி), 1982ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி ஜப்பானின் சுசுகிக்குக் கிடைத்தது 26 சதவீதப் பங்கு மட்டுமே. 1992இல் அது 50 சதவீதமானது, 2002இல் 54.2 சதவீதமாகி நிர்வாகம் சுசுகியின் கைக்குப் போனது. 2003இல் பங்கு ஒன்று 125 ரூபாய் விலையில் பொதுமக்களுக்கு வந்தது. 2007இல் அரசு தன்னிடம் மிஞ்சியிருந்த பங்குகளையும் விற்று வெளியேறியது. உரிமை இப்படிப் படிப்படியாகக் கைமாறும்போது காரின் முகப்பில் எதுவும் மாறுவதில்லை என்பதால், பட்டியலிடப்பட்ட ஒரு நிறுவனம் யாருடையது என்பதை நினைவிலிருந்து சொல்லாமல் ஆவணத்தைப் பார்த்துச் சொல்வதே முறை. அந்த ஆவணம் எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்கிறது. அதைப் படிக்கும் விதத்தை மாருதி சுசுகியைக் கொண்டே விளக்குகிறேன்.

முதலில் மும்பைப் பங்குச் சந்தையான பிஎஸ்இயின் இணையதளத்தில் நிறுவனத்தின் பெயரையோ, மாருதிக்குரிய 532500 என்ற குறியீட்டு எண்ணையோ இட்டுத் தேடுங்கள். நிறுவனத்தின் பக்கத்தில் "ஷேர்ஹோல்டிங் பேட்டர்ன்" என்ற பகுதி இருக்கும். இதுதான் பங்குடைமை அறிக்கை. ஒவ்வொரு காலாண்டும் முடிந்த 21 நாட்களுக்குள் இதைத் தாக்கல் செய்தாக வேண்டும் என்பது பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் விதி. எந்தக் காலாண்டுக்குரியது என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். செய்திகளிலும் காணொளிகளிலும் உலவும் சதவீதங்களில் பல, தேதி விடுபட்டுப்போன பழைய கணக்குகள்.

அறிக்கையைத் திறந்ததும் ஒரு சுருக்க அட்டவணையும், அதன் கீழ் புரொமோட்டர் (நிறுவனத்தைத் தம் கட்டுப்பாட்டில் வைத்திருப்பவர்) தரப்பு, பொதுப் பங்குதாரர் தரப்பு எனத் தனித்தனி அட்டவணைகளும் தெரியும். மாருதியின் புரொமோட்டர் அட்டவணையில் தனிநபரோ குடும்பமோ கிடையாது. சுசுகி மோட்டார் கார்ப்பரேஷன் என்ற ஒரே பெயர்தான். அந்த வரிசையை இடமிருந்து வலமாக நிதானமாகப் படியுங்கள். பங்குகளின் எண்ணிக்கை, மொத்தத்தில் அது எத்தனை சதவீதம், வாக்குரிமை எத்தனை சதவீதம், பங்குகளில் எவ்வளவு அடமானத்தில் உள்ளது என்று பத்திகள் செல்லும். இரண்டு பத்திகளைப் பலரும் தாண்டிவிடுகிறார்கள்: ஒன்று வாக்குரிமை, மற்றொன்று அடமானம். கடனுக்கு ஈடாக வைத்த பங்குகளைக் கடன் கொடுத்தவர் விற்றுவிட முடியும் என்பதால், அடமானப் பத்தியில் பெரிய எண் இருந்தால் அந்த உரிமையை உறுதியானதாகக் கருதக் கூடாது.

ஒரே அறிக்கையோடு நிறுத்தாமல், முந்தைய காலாண்டுகளின் அறிக்கைகளையும் அருகில் வைத்து ஒப்பிடுங்கள். 2023 நவம்பரில் சுசுகியின் பங்கு 56.48 சதவீதத்திலிருந்து 58.19 சதவீதமாக உயர்ந்தது. சதவீதத்தை மட்டும் பார்ப்பவர் சுசுகி சந்தையில் பங்கு வாங்கியது என்று முடிவு செய்துவிடுவார். மொத்தப் பங்குகளின் எண்ணிக்கையைப் பார்த்தால்தான் அதுவும் கூடியிருப்பது தெரியும். குஜராத்தில் சுசுகிக்கு முழுச் சொந்தமாக இருந்த கார் ஆலையை மாருதி வாங்கிக்கொண்டு, விலையாகப் பணம் தராமல், பங்கு ஒன்றுக்கு 10,420.85 ரூபாய் வீதம் 1,23,22,514 புதிய பங்குகளைச் சுசுகிக்கு ஒதுக்கியது. இதன் மதிப்பு சுமார் 12,841 கோடி ரூபாய். மற்ற பங்குதாரர்கள் ஒரு பங்கைக்கூட விற்காமலே அவர்களுடைய பங்குவீதம் குறைந்தது.

அடுத்து, அந்தச் சதவீதத்துக்கு எவ்வளவு அதிகாரம் உண்டு என்று பார்க்க வேண்டும். இந்திய நிறுவனச் சட்டப்படி சாதாரணத் தீர்மானத்துக்குப் பதிவான வாக்குகளில் பாதிக்கு மேல் போதும். நிறுவனத்தின் அமைப்பு விதிகளைத் திருத்துவது போன்ற சிறப்புத் தீர்மானத்துக்கு நான்கில் மூன்று பங்கு வேண்டும். ஆகவே 58 சதவீதம் வைத்திருப்பவர் இயக்குநர்களை நியமித்துவிடலாம். எல்லாவற்றையும் தனியாக மாற்றிவிட முடியாது. இதைவிட முக்கியமான இன்னொரு வரம்பும் உண்டு. மேலே சொன்ன அதே குஜராத் ஆலையை மாருதி கட்டப்போவதில்லை, சுசுகியே தன் துணை நிறுவனத்தின் வழியாகக் கட்டி மாருதிக்குக் கார் தயாரித்துத் தரும் என்று 2014 ஜனவரியில் அறிவிக்கப்பட்டபோது, பெரிய மியூச்சுவல் ஃபண்டுகள் வெளிப்படையாக எதிர்த்தன. நிறுவனம் தன் உரிமையாளரோடேயே செய்யும் ஒப்பந்தம், அதாவது சம்பந்தப்பட்ட தரப்போடு செய்யும் ஒப்பந்தம் என்பதால், அதற்கான வாக்கெடுப்பில் சுசுகி வாக்களிக்க முடியாமல் போனது. பாதிக்கு மேல் வைத்திருந்தவர் ஒதுங்கி நிற்க, சிறுபான்மைப் பங்குதாரர்கள் 2015 டிசம்பரில் ஏறத்தாழ 90 சதவீத ஆதரவுடன் அதை ஏற்றார்கள். முடிவு சுசுகிக்குச் சாதகமாகவே அமைந்தது என்றாலும், முடிவெடுத்தவர்கள் யார் என்பதை நான் பெரிதாக மதிக்கிறேன். உரிமையாளர் யார் என்று கேட்கும்போது, எந்த விஷயத்தில் என்றும் சேர்த்துக் கேட்பது நல்லது.

புரொமோட்டர் இன்னொரு நிறுவனமாக இருந்தால் அதோடு தேடல் முடிந்துவிடாது. அந்த நிறுவனத்துக்கும் இதே கேள்வியைக் கேட்டு மேலே ஏற வேண்டும். சுசுகியும் ஜப்பானில் பட்டியலிடப்பட்ட நிறுவனமே. 2019இல் கையெழுத்தான உடன்பாட்டின்படி டொயோட்டா அதில் சுமார் 5 சதவீதத்தை வாங்கியது. சுசுகியும் டொயோட்டாவில் சிறு பங்கு வாங்கியது. டாடாவின் கார் தொழிலில் ஏறினால் முதலில் டாடா சன்ஸ் வரும். அது சந்தையில் பட்டியலிடப்படாத நிறுவனம். அதன் பங்குகளில் சுமார் 66 சதவீதம் டாடா அறக்கட்டளைகளிடம் உள்ளது. ஏணியின் உச்சியில் ஒரு முதலாளியை எதிர்பார்த்துப் போகிறவருக்கு அங்கே கிடைப்பது தர்மகர்த்தாக்கள். இருங்காட்டுக்கோட்டையில் கார் தயாரிக்கும் ஹூண்டாய் மோட்டார் இந்தியாவில் ஏணி குட்டையானது: 2024 அக்டோபரில் பொதுப் பங்கு வெளியீடு முடிந்த பின்னும் 82.5 சதவீதம் கொரியத் தாய் நிறுவனத்திடமே இருந்தது.

வெளிநாட்டு நிறுவனங்களைப் பார்க்கும்போது, பங்கும் வாக்கும் ஒன்றல்ல என்பதைக் கண்முன் வைத்துக்கொள்ள வேண்டும். இதற்கு ஃபோக்ஸ்வாகனை விடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. அதன் முன்னுரிமைப் பங்குகளுக்கு வாக்கு இல்லை. சாதாரணப் பங்குகளுக்கே உண்டு. ஆகவே போர்ஷே, பியெக் குடும்பங்களின் பிடியில் உள்ள போர்ஷே எஸ்இ என்ற முதலீட்டு நிறுவனம் மூலதனத்தில் 31.9 சதவீதமே வைத்திருந்தும் வாக்குகளில் 53.3 சதவீதத்தைக் கொண்டிருக்கிறது. ஜெர்மனியின் லோயர் சாக்சனி மாநில அரசுக்கு மூலதனத்தில் 11.8 சதவீதம், வாக்கில் 20 சதவீதம். முக்கியத் தீர்மானங்களுக்கு ஐந்தில் நான்கு பங்கு வாக்கு வேண்டும் என்ற விதி அங்கே இருப்பதால், அந்த 20 சதவீதம் தடுப்பதற்குப் போதுமானது. அமெரிக்காவின் ஃபோர்டில் குடும்பத்தாரிடம் உள்ள "பி" வகைப் பங்குகள் மொத்தத்தில் மிகச் சிறிய பகுதி. அவற்றுக்கு 40 சதவீத வாக்கு ஒதுக்கப்பட்டுள்ளது. எனவே எந்த நாட்டு நிறுவனமானாலும், ஆண்டறிக்கையில் எத்தனை வகைப் பங்குகள் உள்ளன, ஒவ்வொன்றுக்கும் எத்தனை வாக்கு என்பதை முதலில் தேடிப் படித்துவிடுங்கள்.

மீண்டும் மாருதியின் அறிக்கைக்கு வந்து, பொதுப் பங்குதாரர் அட்டவணையைத் திறந்துகொள்ளுங்கள். ஒரு சதவீதமோ அதற்கு மேலோ வைத்திருப்பவர்களின் பெயர்கள் இங்கே தனித்தனியாக அச்சிடப்பட்டிருக்கும். எல்ஐசியையும் பெரிய மியூச்சுவல் ஃபண்டுகளையும் இங்கே காணலாம். வாக்கு அவர்கள் கையில் இருக்கிறது. பணம் பாலிசிதாரர்களுடையது, மாதத் தவணையில் ஃபண்டில் சேமிப்பவர்களுடையது. தொழிலாளர் வருங்கால வைப்பு நிதியும் 2015 முதல் பெரிய நிறுவனங்களின் பங்குகளைக் கொண்ட நிஃப்டி, சென்செக்ஸ் குறியீடுகளைப் பின்பற்றும் ஃபண்டுகளில் தன் பணத்தின் ஒரு பகுதியை முதலீடு செய்துவருகிறது. பங்குச் சந்தைப் பக்கமே போகாதவர் என்று தம்மைச் சொல்லிக்கொள்பவரின் சேமிப்பும் இந்த வழியில் அங்கே வந்து சேர்ந்திருக்கக்கூடும். உங்களிடம் நிஃப்டி 50 குறியீட்டைப் பின்பற்றும் ஃபண்ட் இருந்தால், அந்த ஃபண்ட் நிறுவனம் மாதந்தோறும் வெளியிடும் முதலீட்டுப் பட்டியலில் மாருதி சுசுகியின் வரிசையைக் கண்டுபிடித்து, அதன் சதவீதத்தை உங்கள் முதலீட்டுத் தொகையோடு பெருக்கிப் பாருங்கள். அந்த ஆலைகளில் உங்கள் பணம் எத்தனை ரூபாய் என்பது கிடைத்துவிடும்.