துண்டு வெட்டி வீட்டுக்கு வந்த பிறகு நாம் விடும் பிழைகள்

சளிக்காய்ச்சல் நெஞ்சுக்குள் இறங்கி அம்மா 11 நாள் வார்டில் கிடந்தார். போகும்போது தானாகவே ஓட்டோவில் ஏறி உட்கார்ந்த மனிசியை, துண்டு வெட்டி, அதாவது ஆஸ்பத்திரியிலிருந்து விட்ட பிறகு, கூட்டி வந்த அன்று கீழே இறக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். நெஞ்சு தெளிந்துவிட்டது, காய்ச்சல் இல்லை, எல்லாம் சுகம் என்றுதான் அனுப்பினார்கள். ஆனால் கால் வேலை செய்யவில்லை.

மட்டக்களப்புக் களுதாவளையில் எங்கள் வீட்டுக்கு அடுத்த இரண்டு கிழமையும் சொந்தக்காரர் வந்தபடியே இருந்தார்கள். வந்த எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "பாவம், படுத்துக் கிடக்கட்டும், நல்லா ஓய்வெடுக்கட்டும்." நானும் அதையே செய்தேன். சோறு ஊட்டினேன், கட்டிலிலேயே உடம்பைத் துடைத்துவிட்டேன், சட்டை மாட்டிவிட்டேன், தேத்தண்ணிக் கோப்பையைக்கூட வாய்க்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நின்றேன். கிளினிக்குக்குப் போன அன்று பிசியோ செய்யும் தங்கச்சி, "அம்மா வீட்டில என்னென்ன வேலை செய்றவ?" என்று கேட்டாள். "ஒன்றும் செய்ய விடுறதில்ல" என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். "அப்ப அவ எப்படித் திரும்பப் பழகுறது அக்கா?" என்றாள். என்னிடம் பதில் இல்லை.

அந்தக் கேள்விக்குப் பிறகு நான் தேடிப் படித்ததையும், கேட்டு அறிந்ததையும், வீட்டில் கண்டதையும் இங்கே எழுதுகிறேன். உங்கள் வீட்டில் ஒருவர் இந்தக் கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறார் என்றால் இதைக் கொஞ்சம் வாசியுங்கள்.

முதல் பிழை இந்த ஓய்வுதான். 2007இல் வெளியான ஓர் ஆய்வில், வருத்தம் எதுவும் இல்லாத வயதானவர்களை 10 நாள் கட்டிலோடு வைத்திருந்து பார்த்தார்கள். கால்களில் மட்டும் ஏறத்தாழ 1 கிலோ தசை குறைந்துபோயிருந்தது. சுகமாக இருந்தவர்களுக்கே அப்படி. காய்ச்சல், பசியின்மை, வார்டில் இரவு முழுக்க நித்திரையில்லாமை எல்லாம் சேர்ந்தால் என்ன மிஞ்சும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். 70 வயது தாண்டி ஆஸ்பத்திரியில் தங்குபவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர், குளிப்பது, உடுப்பது, கக்கூசுக்குப் போவது மாதிரி அன்றாட வேலைகளில் ஏதாவது ஒன்றைப் பழையபடி தனியாகச் செய்ய ஏலாதவராகத்தான் வீடு திரும்புகிறார். வந்த நோய் மாறினாலும், கிடந்த கிடையும் சேர்ந்து ஆளை விழுத்தியிருக்கும். அதற்கு மேலே நாமும் ஒரு மாதம் படுக்க வைத்தால் போன தசை எங்கே வளரும்?

வைத்தியர் நடக்கக் கூடாது என்று சொல்லாதவரை, வந்த முதல் நாளிலிருந்தே எழும்ப வேண்டும். எலும்பு முறிவு, சத்திரசிகிச்சை, பாரிசவாதம், இருதய வருத்தம் என்றால் எவ்வளவு நடக்கலாம், எந்தக் காலில் எவ்வளவு பாரம் வைக்கலாம் என்பதைத் துண்டு வெட்டும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்பதில் பயனில்லை.

அடுத்தது எழுப்பும் விதம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நாங்கள் நாள் தவறாமல் விட்ட பிழை இது. அம்மாவின் இரண்டு கையையும் பிடித்து, "எழும்புங்க" என்று இழுப்பேன். தோள்மூட்டுக்கு அது கெடுதி, பாரிசவாதம் வந்த பக்கம் என்றால் இன்னும் கெடுதி, அதோடு இழுபடும் ஆளின் கால் ஒரு வேலையும் செய்வதில்லை. கிளினிக்கில் கண்ட அந்தப் பிசியோ தங்கச்சி காட்டித் தந்தது இது: கதிரையின் முன் விளிம்புக்கு நகர்ந்து வர வேண்டும், பாதம் இரண்டும் முழங்காலுக்குக் கொஞ்சம் பின்னால் தரையில் பதிய வேண்டும், கதிரையின் கைப்பிடியில் இரண்டு கையையும் ஊன்றி, மூக்கு கால்விரலுக்கு நேரே வரும் வரை முன்னால் சாய்ந்து, பிறகு எழும்ப வேண்டும். நான் பக்கத்தில் நிற்பேன், கை வைக்க மாட்டேன். முதல் நாள் அம்மா மூன்று முறை முயன்று மூன்று முறையும் திரும்ப உட்கார்ந்தார். எனக்குக் கை துடித்தது. நாலாவது முறை எழும்பி நின்று, யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "நிண்டுட்டன்" என்றார். சாப்பாட்டுக்கு முன்னால் ஐந்து தடவை என்று வைத்தோம், நாளுக்கு மூன்று வேளை. பெரிய பயிற்சி ஒன்றும் தேவைப்படவில்லை.

அந்தக் கதிரையையும் பாருங்கள். எல்லா வீட்டிலும் இருக்கும் பாரமில்லாத பிளாஸ்டிக் கதிரை, கை ஊன்றினால் சீமெந்துத் தரையில் வழுக்கிப் பின்னால் போகும். சுவரோடு ஒட்டி வையுங்கள், அல்லது கைப்பிடி உள்ள மரக் கதிரையை எடுங்கள். இருக்கை முழங்கால் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே இருந்தால் எழும்புவது லேசு. பதிந்த சோபாவும் பாயும் கொஞ்ச நாளைக்கு வேண்டாம்.

கக்கூசு விஷயம் எங்கள் பக்கம் தனிச் சிக்கல். பல வீடுகளில் அது வளவுக்குள் தள்ளி இருக்கும், குந்தி இருக்கும் வகை, போகும் வழி முழுக்க மணல். அதனால் வசதிக்கு என்று பம்பர்ஸ் கட்டிவிடுகிறோம். இரவுக்கோ தூரப் பயணத்துக்கோ சரி, பகல் முழுக்கக் கட்டினால் எழும்பிப் போக வேண்டிய தேவையே இல்லாமல் போய்விடும், அந்தத் தேவைதான் ஒரு நாளைக்கு ஆறேழு முறை ஆளை நடக்க வைப்பது. இன்னொரு பக்கம், பிள்ளைகளுக்குக் கரைச்சல் கொடுக்கக் கூடாது என்று அவர்களே தண்ணி குடிப்பதைக் குறைப்பார்கள். நம் ஊர் வெயிலுக்கு அது மலச்சிக்கலையும் சலக் கிருமியையும் தலைச்சுற்றையும்தான் கொண்டு வரும். பிளாஸ்டிக் கதிரையின் நடுவில் ஓட்டை வெட்டிக் கக்கூசின் மேல் வைக்கும் பழக்கம் உண்டு. ஓட்டை வெட்டிய கதிரை பலமிழந்து கால் விரியும், ஈரத்தில் சறுக்கும். கொமட் கதிரை ஒன்று இரவலாகக் கிடைக்குமா என்று முதலில் விசாரியுங்கள். தம்பி ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்கதவிலிருந்து கக்கூசு வரை மணலில் கொங்கிறீட் கல் பதித்து, ஒரு பக்கம் பிடித்து நடக்கக் குழாய்க் கம்பி நட்டுத் தந்தான். அந்த ஒரு நாள் வேலைக்குப் பிறகுதான் வாக்கர் உண்மையில் உதவியது, அதுவரை அதன் கால் மணலில் புதைந்துகொண்டே இருந்தது.

பொல்லு பிடிப்பதிலும் பிழை விடுகிறோம். ஏலாத கால் வலது என்றால் பொல்லு இடது கையில் இருக்க வேண்டும். பலர் ஏலாத பக்கமே பிடிக்கிறார்கள். கையைத் தொங்கவிட்டு நிற்கும்போது மணிக்கட்டு மடிப்பு எங்கே வருகிறதோ, பொல்லின் பிடி அந்த உயரம். அடியில் உள்ள றப்பர் தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள். நிலத்தில் இழுபடும் சீலையும் சாரமும், பின்வார் இல்லாத செருப்பும் வேண்டாம்.

நெடுநேரம் படுத்தவர் சட்டென்று எழும்பினால் பிரஷர் விழும். நின்று 3 நிமிடத்துக்குள் மேல் எண் 20 குறைந்தாலே வைத்தியர்கள் அதைக் கவனிக்க வேண்டிய ஒன்றாக எடுப்பார்கள். கட்டில் ஓரத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, பாதத்தை மேலும் கீழும் ஆட்டிவிட்டு எழும்பச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரியில் தந்த குளிசையோடு வீட்டில் முன்பே இருந்த குளிசையையும் சேர்த்துக் கொடுப்பது இதை இன்னும் கூட்டும். எங்கள் வீட்டு பிஸ்கட் டின்னுக்குள் ஒரு பெயரில் பழைய பிரஷர் குளிசை, புதுப் பைக்குள் அதே மருந்து இன்னொரு பெயரில். இரண்டு நாள் இரண்டையும் கொடுத்திருக்கிறேன். இப்போது எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு கிளினிக் கொப்பியோடு கொண்டு போகிறேன், எது நிற்பாட்ட வேண்டும், எது தொடர வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறேன்.

சாப்பாட்டைப் பற்றி எனக்குக் கோபமே வரும். மீன் கிரந்தி, முட்டை சூடு, தயிர் சளி என்று எல்லாவற்றையும் தடுத்துவிட்டு, கஞ்சியும் கிறீம் கிறேக்கர் பிஸ்கட்டும் கொடுக்கிறோம். தசை எதிலிருந்து கட்டும்? வருத்தத்திலிருந்து தேறும் முதியவருக்கு ஒரு நாளைக்கு உடல் நிறையில் ஒரு கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் வேண்டும் என்கிறார்கள். 50 கிலோ உள்ளவருக்கு அது 60 முதல் 75 கிராம். ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம், 100 கிராம் மீனில் ஏறத்தாழ 20 கிராம். வாவியும் கடலும் பக்கத்தில் இருக்கும் ஊரில் இது பெரிய பாடே இல்லை. முள் எடுத்த மீன், பருப்பு, அவித்த பயறு, எருமைத் தயிர் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக ஒவ்வொரு வேளையும் போக வேண்டும். சிறுநீரக வருத்தம் உள்ளவருக்கு மட்டும் இந்தக் கணக்கு மாறும், அவரது வைத்தியரிடம் கேட்காமல் கூட்ட வேண்டாம். பல்செட்டை வார்டிலேயே விட்டுவிட்டு வந்தீர்களா என்பதையும் பாருங்கள், சாப்பிடாததற்குக் காரணம் சில நேரம் அதுதான்.

மூன்றாம் இரவு அம்மா, எப்போதோ காலமான மாமாவைக் கூப்பிட்டார். வந்தவர்கள் "மாறாட்டம் தொடங்கிட்டுது" என்று முடிவே கட்டிவிட்டார்கள். கடும் வருத்தத்துக்குப் பிறகு வயதானவர்களுக்கு இப்படிக் குழப்பம் வருவதும், சில நாளோ சில கிழமையோ நீடித்து மெல்ல விலகுவதும் உண்டு. கண்ணாடியைப் போட்டுவிடுங்கள், பகலில் யன்னலைத் திறந்து வெளிச்சம் விடுங்கள், இன்று என்ன கிழமை என்று பேச்சோடு பேச்சாகச் சொல்லுங்கள், நீண்ட பகல் நித்திரையைக் குறையுங்கள். ஆனால் நன்றாக இருந்தவர் ஒரே நாளில் குழம்பினாலோ தூங்கி வழிந்தாலோ வைத்தியரிடம் காட்ட வேண்டும், கிருமித் தொற்று இருக்கலாம். ஒரு கால் மட்டும் வீங்கி நொந்தாலும் அன்றைக்கே காட்டுங்கள். திடீரென்று மூச்சு வாங்குவது, நெஞ்சு நோவது, வாய் கோணுவது, ஒரு கை விழுவது என்றால் தாமதிக்காமல் இலங்கையில் 1990க்கு அடியுங்கள், அந்த அம்புலன்ஸ் இலவசம்.

"மறுகா எழும்புறன் பிள்ளை" என்று அம்மா சொல்லும் நாட்கள் இருந்தன. ஒரு முறை கக்கூசு வாசலில் கால் தடுக்கியதிலிருந்து பயம். திட்டினால் பயம் போகாது, அந்த இடத்தில் நான் கூட நின்று, பகல் வெளிச்சத்தில், அவசரம் இல்லாத நேரத்தில் நாலு தடவை நடந்த பிறகுதான் போனது. "நடவுங்க நடவுங்க" என்பதைவிட அவருக்குத் தெரிந்த ஒரு வேலையைக் கையில் கொடுப்பது நன்றாக வேலை செய்தது. முதலில் உட்கார்ந்தபடி சின்ன வெங்காயம் உரித்தார், பிறகு கீரை ஆய்ந்தார், பிறகு குசினி வரை நடந்து வந்து ஆய்ந்ததைச் சட்டியில் போட்டார். ஒரு பிடி கீரைக்கு முக்கால் மணித்தியாலம் எடுத்தது. நான் வாங்கிச் செய்தால் ஐந்து நிமிடம். வாங்கவில்லை.

ஆறாவது கிழமை விறாந்தையில் நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். அம்மா பொல்லை ஊன்றி வந்து பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்து, என் கையிலிருந்த சுளகைப் பிடித்து இழுத்தார்.

"விடு பிள்ளை, நீ அரிசியையும் சேத்தெல்லோ கொட்டுறாய்."