சலமாங்காவில் ஒரு ஸ்பானியக் குடும்பத்தோடு தங்கப் போகிறீர்களா?

ஸ்பானிஷ் படிக்க சலமாங்காவுக்கு வரும் மாணவர்களில் பலர் முதல் சில மாதங்களை ஒரு உள்ளூர்க் குடும்பத்தின் வீட்டில்தான் கழிக்கிறார்கள். 1218-இல் தொடங்கிய பல்கலைக்கழகம் இருக்கிற ஊர் இது. வெளியூர்ப் பிள்ளைகளுக்கு அறை கொடுத்துச் சோறு போடுவது இங்கே பல வீடுகளுக்குப் பழகிப்போன விஷயம். பெரும்பாலும் மொழிப்பள்ளியே வீட்டை ஏற்பாடு செய்து தரும். தனி அறை, சாப்பாடு, வாரம் ஒரு முறை துணி துவைத்துக் கொடுப்பது என்பதுதான் வழக்கமான ஒப்பந்தம்.

இங்கே வரும் நம் பிள்ளைகளுக்கு மொழியால் வரும் சிக்கல் கொஞ்சம்தான். கூச்சத்தால் வருவதுதான் அதிகம். "வேண்டாம்", "பரவாயில்லை", "எதுவானாலும் சரி" என்று சொல்லியே வளர்ந்தவர்கள் நாம். அதுதான் மரியாதை என்று நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். சலமாங்கா இருக்கும் காஸ்தீயப் பகுதி மக்கள் கேட்டால் பதில் எதிர்பார்த்துத்தான் கேட்கிறார்கள். சொன்ன பதிலை அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள். சூப் பிடித்ததா என்று கேட்டு, நீங்கள் பிடிக்காமலே தலையாட்டிவிட்டால், அந்தச் சூப் வாராவாரம் வரும். அவர்கள் உங்களுக்குப் பிடித்ததைச் செய்கிறோம் என்ற சந்தோஷத்தில்தான் செய்வார்கள்.

தலையாட்டுவது என்றதும் இன்னொன்று. நாம் "சரி" என்று பக்கவாட்டில் தலையசைப்பது இவர்களுக்கு "இல்லை" என்றோ, "என்னவோ தெரியவில்லை" என்றோதான் படும். முதல் வாரம் முழுக்க "சி" (ஆமாம்) அல்லது "நோ" (இல்லை) என்று வாய் திறந்து சொல்லிப் பழகுங்கள்.

வரும் வழி

தலைநகர் மத்ரீத்தின் (மாட்ரிட்) பராஹாஸ் விமான நிலையத்திலிருந்தே சலமாங்காவுக்கு நேரடிப் பேருந்து உண்டு. இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். ரயில் வேண்டுமானால் மத்ரீத்தின் சமார்த்தீன் நிலையத்துக்குப் போக வேண்டும். முதல் முறை, பெட்டிகளோடு வரும்போது பேருந்துதான் நல்லது. எத்தனை மணிக்கு வந்து சேர்வீர்கள் என்று வீட்டாருக்கு வாட்ஸ்அப்பில் சொல்லிவிடுங்கள். மதியம் இரண்டிலிருந்து ஐந்துக்குள் கடைகள் பல மூடியிருக்கும், ஞாயிற்றுக்கிழமை இன்னும் மோசம். சிம் கார்டு, தலைவலி மாத்திரை எல்லாம் அதற்கேற்பத் திட்டமிட வேண்டும்.

பெட்டியில் என்ன வைப்பது என்று அம்மாக்கள் கேட்பார்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளியிலிருந்து வருகிறவர்கள் இறைச்சி, பால் பொருள்கள் கொண்டுவரக் கூடாது. ஆகவே பால்கோவா, நெய், பால் இனிப்புகள், கருவாட்டுக்குப் பதிலாகக் கட்டிவிடும் உப்புக்கண்டம் எதுவும் வேண்டாம். பச்சைக் கறிவேப்பிலையும் வேண்டாம். பொடி வகைகள், ஊறுகாய், பெருங்காயம் போதும். வீட்டாருக்குக் கொடுக்க ஏதாவது வேண்டுமென்றால் கடலைமிட்டாய் கொண்டுவாருங்கள். வறுத்த பாதாமைச் சர்க்கரைப் பாகில் போட்டுச் செய்யும் மிட்டாய் இவர்களுக்கும் உண்டு, அதனால் பார்த்தவுடனே அடையாளம் கண்டு எடுத்துச் சாப்பிடுவார்கள்.

சலமாங்கா கடல் மட்டத்திலிருந்து சுமார் 800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஸ்பெயின் என்றால் வெயில் என்று நினைத்து மெல்லிய சட்டைகளோடு ஜனவரியில் வந்து இறங்காதீர்கள். இரவில் உறைபனிதான். தேங்காயெண்ணெய் அக்டோபரிலேயே கட்டியாகிவிடும்.

சாப்பாட்டு மேசை

காலையில் காபியும் ரொட்டியும், அல்லது பிஸ்கட்டும் பாலும். அவ்வளவுதான், இட்லி தோசை சாப்பிட்ட வயிறு பதினோரு மணிக்கே சத்தம் போடும். அந்த நேரத்துக்கு ஒரு வாழைப்பழம் பையில் இருக்கட்டும். பெரிய சாப்பாடு மதியம் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில். முதலில் ஒரு தட்டு (பருப்பு, சூப், காய்கறி, சில நாள் சோறு), அது முடிந்ததும் இரண்டாவது தட்டு (இறைச்சி, மீன், முட்டை), கடைசியில் பழமோ தயிரோ. முதல் தட்டையே முழுச் சாப்பாடு என்று நினைத்து வயிற்றை நிரப்பிவிட வேண்டாம். இரவுச் சாப்பாடு ஒன்பது, ஒன்பதரை. இது லேசானது, ஒரு ஆம்லெட்டோடு முடிந்துவிடும்.

குளிர்காலத்தில் இந்தியாவும் இலங்கையும் ஸ்பெயினைவிட நாலரை மணி நேரம் முன்னால் இருக்கின்றன, கோடையில் மூன்றரை. ஊரில் இரவு ஏழு மணிக்கு அம்மா வீடியோ அழைப்பு போடும்போது இங்கே மதியம் இரண்டரை, தட்டில் சூப் ஆவி பறக்கிற நேரம். சாப்பாட்டு மேசையில் போனை எடுப்பது இந்த வீடுகளில் பிடிக்காத விஷயம். இங்கே மாலை ஐந்து மணிக்குப் பேசுகிறேன் என்று வீட்டில் முதலிலேயே சொல்லி வைத்துவிடுங்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் இந்தப் பத்தியைக் கவனமாகப் படிக்க வேண்டும். சலமாங்கா மாகாணத்தில்தான் கிஹுவேலோ இருக்கிறது, உப்பில் உலர்த்திய பன்றித் தொடைக்குப் பேர்போன ஊர். இங்கே பலருக்கு அது இறைச்சிக் கணக்கிலேயே வராது, சுவைக்காகச் சேர்க்கும் ஒரு பொருள் மாதிரி. "இறைச்சி சாப்பிட மாட்டேன்" என்று நீங்கள் சொல்லியிருந்தாலும் பட்டாணியில் சின்னச் சின்னத் துண்டாக அது கிடக்கும், சாலட்டில் டியூனா மீன் இருக்கும், பருப்பில் சொரீதோ என்ற மசாலாப் பன்றியிறைச்சி சாசேஜ் மிதக்கும். அதனால் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லுங்கள்: "நோ கோமோ கார்னே, நி ஹமோன், நி சொரீதோ, நி பெஸ்காதோ, நி அத்தூன்" (இறைச்சி, உலர்த்திய பன்றித் தொடை, சொரீதோ, மீன், டியூனா எதுவும் சாப்பிட மாட்டேன்). இறைச்சி எலும்பு வேகவைத்த தண்ணீரும் வேண்டாம் என்றால் "நி கால்தோ தெ கார்னே" என்பதையும் சேர்க்க வேண்டும். முட்டை, பால் உண்டா இல்லையா என்பதையும் சொல்லிவிடுங்கள். பள்ளிக்கு விண்ணப்பிக்கும்போதே இதையெல்லாம் எழுதிக் கொடுங்கள், வந்த அன்று வீட்டிலும் ஒரு முறை சொல்லுங்கள். மாட்டிறைச்சி மட்டும் வேண்டாம், அல்லது பன்றி மட்டும் வேண்டாம் என்கிறவர்களுக்கும் இதே முறைதான்.

சொல்லிவிட்டால் கவலையில்லை. ஏனென்றால் இந்த ஊர் பருப்பு விளைகிற ஊர். நகரத்துக்கு வடக்கே இருக்கும் லா அர்முஞா வட்டாரத்துப் பருப்பு ஸ்பெயின் முழுக்கப் பேர் பெற்றது. நம் மைசூர்ப் பருப்பின் இனம்தான், தோலோடு முழுசாக இருக்கும், கொஞ்சம் பெரிய மணி. பக்கத்து மாகாணத்து ஃபுவெந்தெசாவுகோ கொண்டைக்கடலையும் அப்படித்தான். இந்த வீட்டு அடுக்களைகளில் பிரஷர் குக்கர் பெரும்பாலும் இருக்கும், பருப்பும் கடலையும் அதில்தான் வேகும். வெங்காயம், பூண்டு, காரட், ஒரு பிரிஞ்சி இலை, ஆலிவ் எண்ணெயில் வதக்கிச் சேர்த்த புகைமணக்கும் சிவப்பு மிளகாய்ப்பொடி. காரம் இருக்காது, ஆனால் பசியோடு உட்கார்ந்தால் வீட்டுக் குழம்பு ஞாபகம் வரும். சொரீதோ போடாமல் உங்களுக்காக ஒரு கிண்ணம் தனியாக எடுத்து வைப்பது அவர்களுக்குச் சிரமமே இல்லை, ஆனால் குக்கரை மூடும் முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

ரொட்டி எல்லாவற்றோடும் வரும். அதைத் தட்டுக்குப் பக்கத்தில் மேசை மேலேயே வைப்பார்கள், நீங்களும் அப்படியே வைக்கலாம். கையால் சாப்பிடலாமா என்று கேட்பவர்களுக்கு: முள்கரண்டியைப் பழகிக்கொள்ளுங்கள், பழகிய பிறகு ஒரு நாள் தயிர்சோறு பிசைந்து எப்படிச் சாப்பிடுவோம் என்று காட்டுங்கள், ஆர்வமாகப் பார்ப்பார்கள். சர்க்கரை போடாத தயிர் கடைகளில் தாராளமாகக் கிடைக்கும்.

சாப்பிட்டு முடித்ததும் எழுந்து அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளாதீர்கள். இதுதான் நான் திரும்பத் திரும்பச் சொல்வது. தட்டை எடுத்த பிறகும் காபியோடு அரைமணி, முக்கால் மணி உட்கார்ந்து பேசுவது இவர்கள் வழக்கம், இதற்குச் சோப்ரெமேசா என்று பெயர். வகுப்பில் ஒரு வாரம் கேட்பதைவிட அதிக ஸ்பானிஷ் இங்கே காதில் விழும். எல்லாரும் ஒரே நேரத்தில் சத்தமாகப் பேசுவார்கள். சண்டை இல்லை, பேச்சே அப்படித்தான். "உப்பைக் கொடு", "கதவைச் சாத்து" என்று சொல்வார்கள், "தயவுசெய்து" என்று ஒவ்வொரு முறையும் வராது. அதில் அதிகாரம் எதுவும் இல்லை, வீட்டுப் பிள்ளையிடம் பேசுகிற மாதிரி பேசுகிறார்கள்.

உச்சரிப்பில் நமக்கு ஒரு பெரிய வசதி உண்டு. ஆங்கிலம் பேசுகிறவர்கள் நாக்கைக் கடித்துக்கொண்டு கற்கும் த, ப, க ஒலிகளும் ஞகரமும் நம் வாயில் ஏற்கெனவே இருக்கின்றன. தைரியமாகப் பேசுங்கள்.

அழைப்பது, வணங்குவது

வீட்டம்மாவை ஆன்ட்டி என்றோ அத்தை என்றோ அழைக்க மனம் துடிக்கும். இங்கே பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும், எழுபது வயதானாலும். முதல் நாள் மட்டும் "உஸ்தெத்" (நீங்கள்) என்று மரியாதையாகப் பேசுங்கள். அவர்களே "தூ" (நீ) என்று பேசச் சொன்னதும் மாறிக்கொள்ளுங்கள். சந்திக்கும்போது பெண்கள் பெண்களோடும் ஆண்களோடும் இரு கன்னத்திலும் ஒட்டி முத்தமிடுவது வழக்கம். உங்களுக்கு ஒப்பவில்லை என்றால் சிரித்துக்கொண்டே முதலில் கையை நீட்டிவிடுங்கள், யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். லிஃப்டில் முன்பின் தெரியாதவர் இருந்தாலும் ஏறும்போது ஒரு வணக்கம் சொல்ல வேண்டும், சொல்லாமல் இருப்பதுதான் இங்கே மரியாதைக் குறைவு.

வீட்டுக்குள்

வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நடப்பது நமக்கு இயல்பு. இந்த வீட்டம்மாக்களுக்கு அதைப் பார்த்தால் பதறும். சளி பிடிக்கும், காய்ச்சல் வரும் என்று பின்னாலேயே வருவார்கள். வீட்டுக்குள் போடுவதற்கென்றே துணிச் செருப்பு விற்கிறது, வந்த மறுநாள் ஒன்று வாங்கிவிடுங்கள்.

பழைய வீடுகளில் வட்ட மேசை ஒன்று, தரைவரை தொங்கும் தடித்த துணியோடு இருக்கும். அடியில் மின்சாரக் கணப்பு வைத்திருப்பார்கள். துணியைத் தூக்கிக் காலை உள்ளே விட்டு, மடிமேல் போர்த்திக்கொண்டு உட்கார வேண்டும். டிசம்பர் மாலையில் மொத்தக் குடும்பமும் அதைச் சுற்றித்தான் இருக்கும், நீங்களும் போய்ச் சேர்ந்துகொள்ளுங்கள். பாதத்தைக் கணப்பின் மேலேயே வைத்துவிடக் கூடாது, கடைசியாக எழுகிறவர் அணைத்துவிட வேண்டும்.

குளியலறையில் வாளியும் கிடையாது, தரையில் தண்ணீர் போக வழியும் கிடையாது. திரையைத் தொட்டிக்கு உள்பக்கம் இழுத்துவிட்டுக் குளியுங்கள். சுடுதண்ணீர்த் தொட்டி சின்னதாக இருந்தால் நீங்கள் நீண்ட நேரம் குளித்ததும் அடுத்தவருக்குப் பச்சைத்தண்ணீர்தான். கழிவறையில் பீச்சுக் குழாய் இருக்காது. பழைய குளியலறைகளில் பக்கத்தில் தாழ்வாக பிடே என்ற ஒரு சின்னத் தொட்டி இருக்கும், அது கழுவிக்கொள்ளத்தான். இல்லாத வீட்டில் ஒரு சின்னக் குவளை வைத்துக்கொள்ளுங்கள். தலைக்கு எண்ணெய் வைத்தால் தலையணை மேல் ஒரு பழைய துண்டை விரித்துப் படுங்கள்.

அறையை விட்டு வெளியே வந்தால் விளக்கை அணைக்க வேண்டும். மின்சாரக் கட்டணம் இங்கே எல்லா வீட்டிலும் பேசப்படும் விஷயம். கதவை உள்ளே பூட்டினால் சாவியைப் பூட்டிலேயே விடாதீர்கள், பல பூட்டுகளில் அப்புறம் வெளியிலிருந்து திறக்க முடியாது. சாப்பாட்டுக்கு வரவில்லை என்றால் சமைக்கும் முன்பே தகவல் சொல்ல வேண்டும். நண்பரை அழைத்துவருவதற்கும் முன்கூட்டியே கேட்க வேண்டும், இரவு தங்கவைப்பது பெரும்பாலும் கிடையாது.

சமைக்கலாமா? ஒப்பந்தத்தில் சாப்பாடு சேர்ந்திருந்தால் அடுக்களையை நீங்கள் பயன்படுத்துவது தனியாகக் கேட்டுச் செய்ய வேண்டிய காரியம். கேட்டால், ஒரு சனிக்கிழமை நீயே சமைத்துக் காட்டு என்பார்கள். எலுமிச்சைச் சோறு செய்யுங்கள், மிளகாயைக் குறைத்து. கடுகு தாளிக்கும்போது ஜன்னல் திறந்திருக்கட்டும். மளிகைக்கு மத்ரீத்தின் லவப்பியேஸ் பகுதி நல்லது, இந்திய, வங்கதேசக் கடைகள் அங்கே இருக்கின்றன.

காகித வேலை

ஆறு மாதத்துக்கு மேல் தங்கும் விசா என்றால், வந்த ஒரு மாதத்துக்குள் வெளிநாட்டவர் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதைப் போலீஸ் அலுவலகத்தில் கைரேகை கொடுத்து வாங்க வேண்டும், முன்பதிவு அவசியம். 790 என்ற எண்ணுள்ள படிவத்தில் 012 குறியீட்டுக் கட்டணத்தை வங்கியில் முதலிலேயே கட்டிவிட வேண்டும். இதற்கு முன்னால் நகராட்சியில் நீங்கள் அந்த வீட்டில் குடியிருப்பதாகப் பதிய வேண்டியிருக்கும், அதற்கு எம்பத்ரோனமியெந்தோ என்று பெயர். வீட்டாரின் கையெழுத்தும் அடையாள நகலும் இல்லாமல் அது நடக்காது. சில குடும்பங்கள் தயங்கும், ஆகவே பணம் கட்டும் முன்பே பள்ளியிடம் இதைக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இங்கே எல்லாருக்கும் இரண்டு குடும்பப் பெயர். படிவத்தில் இரண்டு கட்டம் இருக்கும். நமக்கோ அப்பா பெயர்தான் முன்னெழுத்து, பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாகக்கூட இருக்கும். இரண்டாவது கட்டத்தை நிரப்ப எதையும் நீங்களாக இட்டுக்கட்டாதீர்கள். பாஸ்போர்ட்டைக் காட்டி, அதில் உள்ளபடியே எழுதச் சொல்லி, நகராட்சி, போலீஸ், வங்கி மூன்றிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று அங்கேயே சரிபாருங்கள்.

அவசரத்துக்கு 112. மருந்துக்குப் பச்சைச் சிலுவை எரியும் கடை.

எல்லாம் செய்தும் சில வீடுகள் ஒத்துவராது. சாப்பாடு போதவில்லை, அறையில் குளிர் தாங்கவில்லை, வீட்டில் ஒருவர் பேச்சோ நடத்தையோ சரியில்லை. முதல் இரண்டுக்கும் வீட்டாரிடமே நேராகக் கேளுங்கள்: இன்னும் கொஞ்சம் சோறு, இன்னொரு கம்பளி. பெரும்பாலும் அன்றே தீர்ந்துவிடும். மூன்றாவதற்கு வீட்டில் பேசிக்கொண்டிருக்க வேண்டாம், அன்றைக்கே பள்ளியில் தங்குமிடம் பார்க்கும் அலுவலரிடம் போங்கள், வேறு வீடு கேளுங்கள். இப்படிக் கேட்பது இங்கே எல்லா நாட்டு மாணவரும் செய்வதுதான், அந்த அலுவலர் இருப்பதே அதற்காகத்தான். பேச ஸ்பானிஷ் வரவில்லை என்றால் ஆங்கிலத்தில் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள், தேதி போட்டு, ஒரு நகல் உங்களிடம் வைத்துக்கொண்டு.