ஆறு மாடிப்படி, ஒரு பலாப்பழம்: நரம்பு செல்லின் பயணத்தைச் சொல்லித் தருவது எப்படி?

சேலத்தில் வீட்டிலேயே பயாலஜி டியூஷன் எடுக்கிறேன். மூளை உருவாகும்போது நரம்பு செல்கள் பிறந்த இடத்தில் தங்குவதில்லை, நகர்ந்து போய்த்தான் இடம் பிடிக்கின்றன என்று சொன்னால் பிளஸ் டூ பிள்ளைகள் தலையாட்டுவார்கள், அவ்வளவுதான். பேசாமல் மாடிப்படிக்குக் கூட்டிப் போங்கள்.

ஆறு படி போதும், பெருமூளைப் புறணியிலும் ஆறு அடுக்குதான். உச்சிப்படியில் ஒரு பெண்ணை உட்கார வையுங்கள். ரீலின் என்ற புரதத்தைச் சுரக்கும் கஹால்-ரெட்சியஸ் செல் அவள். மற்றவர்கள் கீழே வரிசையில். முதல் ஆள் ஏறி அடிப்படியில் உட்காரணும், அடுத்தவன் அவனைத் தாண்டி ஒரு படி மேலே, அதற்கடுத்தவன் இருவரையும் தாண்டி. எல்லோரும் கைப்பிடிக் கம்பியைப் பிடித்தே ஏறட்டும், அந்தக் கம்பிதான் ரேடியல் கிளியா, வளரும் மூளையில் சாரம்போல நிற்கும் துணைசெல். அதன் நீண்ட இழையைப் பற்றிக்கொண்டு செல்கள் ஏறுவதை நரம்பியல் ஆய்வாளர் பாஸ்கோ ராகிச் 1972-இல் குரங்குக் கருவின் மூளையில் காட்டினார். (எல்லா செல்லும் இப்படி ஏறுவதில்லை, பக்கவாட்டில் வருபவையும் உண்டு. அதை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம்.)

அப்புறம் ரீலினை எழுப்பி அனுப்பிவிட்டு மறுபடி ஆடுங்கள். இப்போது யாரும் யாரையும் தாண்டக் கூடாது. முதலில் போனவன் மேலே மாட்டிக்கொள்வான், பின்னால் வந்தவர்கள் அவனுக்குக் கீழே நெருக்கியடிப்பார்கள். ரீலின் இல்லாத 'ரீலர்' சுண்டெலியில் அடுக்குகள் கிட்டத்தட்ட இப்படித்தான் தலைகீழாகின்றன. தள்ளாடி நடப்பதால் (ஆங்கிலத்தில் 'ரீல்' என்றால் தள்ளாடுவது) 1951-இலேயே அதற்கு அந்தப் பெயர் வந்துவிட்டது, புரதம் பிடிபட்டது வெகுகாலம் கழித்துத்தான்.

முன்பெல்லாம் ஏற்காட்டுக் காபித் தோட்டத்தில் சில்வர் ஓக் மரத்தைப் பற்றி ஏறும் மிளகுக்கொடியைத்தான் உதாரணம் சொல்வேன். தப்பு. கொடி வேரை விட்டு வருவதில்லை, நுனிதான் போகிறது. அது ஆக்ஸான், அதாவது நரம்பு செல்லின் நீண்ட இழை, நீள்வதற்குப் பொருந்தும். உடம்போடு நகரும் செல்லுக்கு அதே மரத்தில் ஏறும் எறும்புதான் சரி. வழிகாட்டும் மூலக்கூறுகள் பல இரண்டுக்கும் பொது என்பதால் பிள்ளைகள் இங்கேதான் குழம்புவார்கள், நிதானமாகப் போங்கள்.

சீசன் என்றால் பக்கத்து அறையில் ஒரு பலாப்பழத்தை வெட்டி வையுங்கள். ஒருத்தன் மோப்பம் பிடித்து வருவான், ஒருத்தி மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவாள். நெட்ரின் என்ற வழிகாட்டும் மூலக்கூறும் அப்படி: டிசிசி என்ற ஏற்பி (மூலக்கூறைப் பிடித்து உணரும் புரதம்) உள்ள செல்லை இழுக்கும், அன்க்-5 இருந்தால் விரட்டும். ஸ்லிட் என்ற இன்னொரு மூலக்கூறு ரோபோ என்ற ஏற்பி வழியாகப் பெரும்பாலும் விரட்டவே செய்யும். ஆகவே மூலக்கூறின் பெயரைச் சொன்னதும் விட்டுவிடாமல், எந்த ஏற்பி என்றும் கேளுங்கள்.

வாசனை பற்றிய பேச்சு ஓடும்போதே கால்மன் நோய்க்குறியையும் சொல்லிவிடுங்கள். பருவமடைதலைத் தொடங்கிவைக்கும் ஹார்மோன் செல்கள் கருவில் மூக்குப் பக்கம் தோன்றி, மூக்கிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பிழைகளைப் பிடித்துக்கொண்டு மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸ் வரை போகவேண்டும். அந்தப் பாதை கெட்டால் வாசனையும் தெரியாது, பருவமும் தானாக வராது. இதைச் சொல்லும்போது மட்டும் கடைசி வரிசைகூடக் காதைத் தீட்டிக்கொள்ளும்.