கூடார விடுமுறையில் குடும்ப சைக்கிள் பயணம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கூடாரம் அடித்தாயிற்று. காரிலிருந்து சைக்கிள்களையும் இறக்கியாயிற்று. "ஏரி பக்கத்தில்தான், பத்து கிலோமீட்டர், ஒரு மணி நேரத்தில் போய்விடலாம்" என்று அப்பா சொல்கிறார். இங்கேதான் முதல் தவறு. அந்தப் பத்து கிலோமீட்டர் அப்பாவின் கால் போட்ட கணக்கு. 16 அங்குலச் சக்கரமும் கியர் இல்லாத பெடலும் வைத்திருக்கும் ஆறு வயதுப் பிள்ளை, ஒரு மிதிக்கு அப்பா போகிற தூரத்தில் ஏறக்குறைய பாதிதான் போகும். போய்வர 20 கிலோமீட்டர். மணிக்கு 8 கிலோமீட்டர் என்று வைத்தால்கூட மிதிப்பதற்கே இரண்டரை மணி நேரம். வண்ணத்துப்பூச்சிக்கு நிற்பது, தண்ணீருக்கு நிற்பது, ஒன்றுமே இல்லாததற்கு நிற்பது எல்லாம் இதில் சேரவில்லை.

குடும்பத்தில் எந்தச் சக்கரம் சின்னதோ அதுதான் தூரத்தைத் தீர்மானிக்க வேண்டும். சைக்கிள் பழகிச் சில மாதங்களே ஆன பிள்ளைக்குப் போய்வர 5 முதல் 8 கிலோமீட்டர் போதும் என்பது என் கணக்கு. பிள்ளை "இவ்வளவுதானா?" என்று கேட்டால் பயணம் நன்றாக நடந்திருக்கிறது. மறுநாள் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போகலாம்.

காற்றும் சரிவும்

தூரத்தைப் பார்க்கிறவர்கள்கூட காற்றைப் பார்ப்பதில்லை. ஒருமுறை நாங்கள் கடலோரப் பாதையில் சிரிப்பும் பாட்டுமாகப் போனோம். பிள்ளைகளுக்கு இவ்வளவு வேகம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு ஒரே பெருமை. திரும்பியபோதுதான் தெரிந்தது, அது பிள்ளைகளின் வேகமில்லை, முதுகில் தள்ளிய காற்றின் வேகம். வரும்போது அதே காற்று முகத்தில் அறைய, சின்னவள் பாதி வழி சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தாள். பெரியவன் என்னோடு பேசவே இல்லை.

பகலில் கடலைவிட நிலம் சீக்கிரம் சூடாவதால், வெயில் நாட்களில் பிற்பகலில் கடற்காற்று வலுக்கும். மலைப் பள்ளத்தாக்கிலும் தெளிவான நாட்களில் பகலில் காற்று மேல்நோக்கி ஏறும், இரவில் கீழே இறங்கும். ஆகவே காலையில் கிளம்பும்போது காற்று எப்படி இருக்கிறது என்பதை மட்டும் பார்த்துவிட்டுப் போகக் கூடாது, திரும்புகிற நேரத்தில் எப்படி இருக்கும் என்றும் யோசிக்க வேண்டும். முடிந்தவரை எதிர்க்காற்றில் போய், காற்றைப் பின்னால் வாங்கிக்கொண்டு வரலாம்.

சரிவுக்கும் இதே கதைதான். முகாம் மேட்டில் இருந்தால் முதல் அரை மணி நேரம் பெடலே தேவைப்படாது. அந்த ஓசிச் சவாரிக்குத் திரும்பும்போது வட்டியோடு கட்ட வேண்டியிருக்கும், அதுவும் கால் ஓய்ந்த பிறகு. வரைபடத்தில் தூரத்தோடு ஏற்றத்தையும் பாருங்கள். ஒரே உயரத்து இடங்களை இணைக்கும் உயரக்கோடுகள் நெருங்கி நெருங்கி இருந்தால் ஏற்றம் செங்குத்து, அந்தப் பாதையை விட்டுவிடலாம்.

வந்து சேர்ந்த அன்றே கிளம்புவதும் தவறு. பல மணி நேரம் காரில் உட்கார்ந்து வந்த பிள்ளைகள் பார்க்கத்தான் துள்ளுவார்கள், அரை மணியில் அழுவார்கள். அன்று முகாமுக்குள்ளேயே நாலு சுற்று விடட்டும். பிரேக் பிடிக்கிறதா, சீட் சரியா என்பதும் அந்த நாலு சுற்றில் தெரிந்துவிடும்.

காரிலிருந்து இறங்கிய சைக்கிள், வீட்டில் ஏற்றிய சைக்கிள் அல்ல

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரிய ஆபத்துகள் இங்கேதான் ஒளிந்திருக்கின்றன. காரின் பின்னால் சட்டம் மாட்டி சைக்கிள் ஏற்றுகிறவர்கள், புகைக்குழாய்க்கு நேராக டயர் வருகிறதா என்று பார்ப்பதில்லை. நீண்ட பயணத்தில் அந்தச் சூட்டில் டயர் இளகிப்போகும். சில சமயம் ரிம்கூட கெட்டுவிடும்.

சக்கரத்தைக் கழற்றி ஏற்றினால் இன்னும் கவனம் வேண்டும். ரிம்மைப் பிடிக்கிற பழைய வகை பிரேக்கில், சக்கரம் வெளியே வர வசதியாகக் கேபிளை அவிழ்ப்போம். இறக்கியதும் சக்கரத்தை மாட்டுவோம், கேபிளை மறந்துவிடுவோம். பார்க்க சைக்கிள் முழுசாக இருக்கும், முன் பிரேக் இருக்காது. இறக்கத்தில்தான் தெரியும். சக்கரத்தின் நடுவில் இருக்கும் தட்டைத் திரவ அழுத்தத்தால் பிடிக்கிற ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக்கில் தொந்தரவு வேறு மாதிரி. சக்கரம் இல்லாத நேரத்தில் ஏதாவது ஒரு குட்டிக் கை பிரேக்கை அழுத்தினால் உள்ளே தட்டைப் பிடிக்கும் பேடுகள் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் சக்கரம் உள்ளே நுழையாது. அந்த டிஸ்க் தட்டுக்குப் பக்கத்தில் நின்று பூச்சி விரட்டியோ வெயில் பூச்சோ ஸ்ப்ரே அடிக்கவும் கூடாது. எண்ணெய்ப் பசை பட்ட பேடு கீச்சிடும், ஆனால் பிடிக்காது.

ஸ்பேனர் இல்லாமல் கையால் மடக்கிப் பூட்டுகிற சக்கரம் என்றால், மடக்கும்போது அந்த நெம்புகோல் உள்ளங்கையில் அச்சுப் பதியுமளவு இறுக்கம் வேண்டும். அதை நட்டு போலச் சுற்றிச் சுற்றி இறுக்கிவிட்டு நிம்மதியாக இருக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது பூட்டியதாகாது.

முகாமில் வாடகைக்கு எடுத்தால், எந்தக் கைப்பிடி எந்தச் சக்கரத்தைப் பிடிக்கிறது என்று முதலில் பாருங்கள். வலது கை முன் பிரேக் என்பது சில நாடுகளின் வழக்கம், இடது கை முன் பிரேக் என்பது வேறு நாடுகளின் வழக்கம். பழக்க தோஷத்தில் முன் பிரேக்கைச் சட்டென்று பிடித்தால், சரளைப் பாதையில் முன்சக்கரம் வழுக்கி ஆளை இழுத்துப் போட்டுவிடும். சின்னப் பிள்ளைகளின் சைக்கிள் சிலவற்றில் பெடலைப் பின்னால் மிதித்தால்தான் நிற்கும். வாடகை சைக்கிளில் அது இல்லையென்றால், பிள்ளை கைப்பிடியை நினைக்காமல் காலைத்தான் பின்னால் மிதிக்கும்.

டயரில் எவ்வளவு காற்று வேண்டும் என்பது டயரின் பக்கவாட்டிலேயே பொறித்திருக்கும். இருந்தாலும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டு "சரி, போதும்" என்பதுதான் நம் வழக்கம்.

ஹெல்மெட், சீட்

ஹெல்மெட்டைத் தொப்பி போலப் பின்னால் சாய்த்துப் போட்டால் நெற்றி வெறுமையாக நிற்கும். முகம் குப்புற விழுந்தால் அடிபடுவது அதுதான். புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடம் விட்டு, மட்டமாக உட்கார வேண்டும். பட்டைகள் காதுக்குக் கீழே V வடிவில் சேர வேண்டும். தாடைக்கும் பட்டைக்கும் நடுவே ஒரு விரல், மிஞ்சினால் இரண்டு. ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் மாற்றிவிடுங்கள்.

பலருக்குத் தெரியாத ஒன்று: முகாமின் விளையாட்டுத் திடலைக் கண்டதும் பிள்ளை ஹெல்மெட்டோடே ஓடி ஏறும். ஏணியிலோ வலையிலோ ஹெல்மெட் சிக்கிக்கொண்டு உடல் கீழே தொங்கினால், பட்டை கழுத்தை நெரித்துவிடும். சைக்கிளிலிருந்து இறங்கியதும் ஹெல்மெட்டும் இறங்கட்டும்.

"வளர்கிற பிள்ளைதானே, அடுத்த வருஷமும் ஆகும்" என்று பெரிய சைக்கிளாக வாங்குவது சட்டை வாங்குகிற புத்தி. புதிதாகப் பழகுகிற பிள்ளைக்கு, சீட்டில் உட்கார்ந்தபடியே இரண்டு காலும் தரையில் பட வேண்டும்.

கைக்குழந்தையை அழைத்துப் போவதில் எனக்குக் கொஞ்சமும் தயக்கமில்லாத கருத்து ஒன்று உண்டு. ஒரு வயது ஆகாத குழந்தைக்குச் சைக்கிள் வேண்டாம். குழந்தைகள் நல மருத்துவர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஹெல்மெட்டின் எடையைத் தாங்கக் கழுத்துக்கு இன்னும் வலு வராது. அதன் பிறகு, பின்சீட்டில் வைத்தாலும் சரி, பின்னால் இழுக்கிற வண்டியில் வைத்தாலும் சரி, தயாரிப்பாளர் எழுதியிருக்கிற எடை வரம்பைப் பாருங்கள். குழந்தை பின்சீட்டில் இருக்கும்போது சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு ஒரு நொடிகூட கையை எடுக்காதீர்கள். எடை உயரத்தில் இருப்பதால், குழந்தை லேசாகத் திரும்பினாலே சாய்ந்துவிடும்.

வழியில்

பெரியவர்கள் இருவரும் பேசிக்கொண்டே முன்னால் போக, பிள்ளைகள் பின்னால் இழுபடுவதை நிறையப் பார்க்கலாம். ஒருவர் முன்னால், ஒருவர் கடைசியில், பிள்ளைகள் நடுவில். பெரியவர் ஒருவர்தான் என்றால் பின்னால் வர வேண்டும், சாலை என்றால் வண்டிகள் போகிற பக்கமாகச் சற்று விலகி வர வேண்டும். முன்னால் போனால் பிள்ளையைப் பார்க்கத் திரும்பித் திரும்பி நீங்களே விழுவீர்கள்.

அவிழ்ந்த ஷூ நாடாவும் தொங்குகிற கயிறும் செயினில் மாட்டும். செருப்பு வேண்டாம்.

தண்ணீரைத் தாகம் எடுக்கும்வரை ஒத்திப் போடாதீர்கள். விளையாட்டு மும்முரத்தில் பிள்ளைகள் தாகத்தைச் சொல்லவே மாட்டார்கள். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி இரண்டு வாய் குடிக்க வைத்தால் போதும். சாப்பிட ஏதாவது எப்போதும் பையில் இருக்கட்டும். பாதி வழியில் வரும் அழுகையில் முக்கால்வாசி பசிதான்.

பஞ்சர் பெட்டி எடுத்துப் போகிறவர்களும் ஒன்றை மறக்கிறார்கள்: குடும்பத்தில் நான்கு சைக்கிள் என்றால் மூன்று அளவு டியூப் இருக்கலாம், வால்வும் ஒரே வகையாக இருக்காது. பெரியவர் சைக்கிளின் மெல்லிய வால்வுக்குப் பொருந்தும் பம்ப், பிள்ளையின் தடித்த வால்வுக்குப் பொருந்தாமல் போகலாம். ஒவ்வொரு அளவுக்கும் ஒரு டியூப் எடுத்துக்கொள்ளுங்கள். பம்ப்பை எல்லா வால்விலும் வீட்டிலேயே மாட்டிப் பாருங்கள்.

காட்டுப் பாதையில் போனில் சிக்னல் இருக்கும் என்று நம்பி வரைபடத்தை இறக்கி வைக்காமல் போவது இன்னொன்று. எந்த வழியாகப் போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று முகாமில் யாரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள். "ஏரியைப் பார்த்துவிட்டுத் திரும்புவோம்" என்று திட்டம் போடாமல், "பத்தரை மணி ஆனால் எங்கே இருந்தாலும் திரும்புவோம்" என்று போடுங்கள். பிள்ளைகளிடமும் கிளம்பும்போதே சொல்லிவிட்டால் ஏரி வராத ஏமாற்றம் பெரிதாக இருக்காது.

மாலையில் போகிறவர்கள் விளக்கு எடுத்துப் போகட்டும். மரங்களுக்கு அடியில் வானத்தைவிட முன்னதாகவே இருட்டிவிடும். முகாமுக்குள் நுழைந்ததும் எல்லோரும் இறங்கித் தள்ளிக்கொண்டே வாருங்கள். கூடாரங்களை இழுத்துக் கட்டிய கயிறுகள் முழங்கால் உயரத்தில் அங்கங்கே நிற்கும், அந்திவேளையில் கண்ணுக்கே தெரியாது. வேகமாக வருகிற பிள்ளை அதில் மாட்டினால் அடி பிள்ளைக்கு மட்டுமில்லை, உள்ளே தூங்குகிற பக்கத்துக் குடும்பத்தின் கூடாரமும் சாயும்.